தண்டையார்பேட்டையிலிருந்து காட்டு ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

தம்பி, பி.எஸ்சி. தாவரவியல் கடைசி வருடம், காட்டில் கால் வைத்ததே இல்லை, வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் காசிமேட்டில் வளர்ந்தவள்தான். காட்டைப் பார்க்காதது ஒரு குறையே இல்லை.

இந்த வேலையின் உயிர், அதே மரங்களிடம் திரும்பத் திரும்பப் போவதில் இருக்கிறது. முதுமலையில் 1988இல் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழு 50 ஹெக்டேர் காட்டை வரையறுத்தது. 1 செ.மீ. விட்டத்துக்கு மேலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு. வறட்சி, தீ, யானை என்று எதனால் எவ்வளவு மரம் போனது, புதிதாக எது முளைத்தது என்ற கணக்கு இன்றுவரை சேர்கிறது. காலநிலை மாற்றம் ஒரு வருடக் கணக்கில் பிடிபடாது.

சரி, நீங்கள் எண்ணூர்க் கழிமுகத்தில் தொடங்குங்கள். அங்குள்ள அலையாத்தியும் வெப்பமண்டலக் காடுதான். பத்து மரம் போதும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தையல் டேப்பால் சுற்றளவு எடுத்து, 3.14ஆல் வகுத்தால் விட்டம். தேதியோடு நோட்டில் குறியுங்கள். சேறு ஆழமாக இருக்கும், ஊர் மீனவர் யாரையாவது கூட்டிப் போங்கள், தனியாக வேண்டாம். அப்புறம் புள்ளியியல் படியுங்கள், அதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

வீட்டில் சொல்ல ஒரு விஷயம்: எம்.எஸ்சி. முடித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், பிஎச்.டி. செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய் வரும்.