கதவுப் பூட்டின் பவர் போர்டு: கேள்வி பதில்

கேள்வி: கரன்ட் போனதும் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. போர்டு பழுதா?

இல்லை. காந்தப் பூட்டு கரன்ட் இருந்தால்தான் பிடிக்கும். போர்டில் பேட்டரி மாட்டியிருக்கிறதா, அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பலமாக இழுத்தால் திறந்துவிடுகிறது. போர்டில் சரியாக 12 வோல்ட் காட்டுகிறது.

போர்டில் அளந்து என்ன பயன்? பூட்டு பிடித்திருக்கும்போது பூட்டின் முனையில் அளக்க வேண்டும். 280 கிலோ இழுவை தாங்கும் ரகப் பூட்டு 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். 0.5 சதுர மி.மீ. செம்பு ஒயரை 30 மீட்டர் ஓட்டியிருந்தால் போக வர 60 மீட்டர், அதாவது இரண்டு ஓமுக்கு மேல், ஆக ஒரு வோல்ட்டுக்குக் கூடுதலாக ஒயரே தின்றுவிடும். தடித்த ஒயர் போடுங்கள், அல்லது பூட்டு ஏற்கும் என்றால் 24 வோல்ட்டுக்கு மாறுங்கள், ஆம்பியர் பாதியாகிவிடும். அப்புறம், கதவில் இருக்கும் இரும்புத் தகட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ரப்பர் வாஷர் மேல் அது லேசாக அசைய வேண்டும். பாதிப் பேர் அதை இறுக்கி முறுக்கிவிடுகிறார்கள். தகடு காந்தத்தில் முழுதாகப் படியாமல் ஒரு ஓரம் தூக்கி நிற்கும், பழி போர்டுக்கு.

கேள்வி: பூட்டு திறக்கும்போதெல்லாம் கார்டு ரீடர் அணைந்து எரிகிறது.

சுருளில் கரன்ட் அறும்போது எகிறும் மின்னழுத்தம்தான் காரணமாக இருக்கும். பூட்டின் முனைகளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு (கரன்ட்டை ஒரே திசையில் விடும் சிறு உறுப்பு) போடுங்கள், வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம். திருப்பிப் போட்டால் ஷார்ட். ஏசி பூட்டுக்கு டயோடு கூடவே கூடாது.

கேள்வி: டயோடா? அது பூட்டு விடுவதைத் தாமதமாக்கும், வேரிஸ்டர் (எகிறும் மின்னழுத்தத்தை விழுங்கும் உறுப்பு) தான் சரி!

தாமதம் உண்மைதான், ஆனால் நொடியில் ஒரு பங்கு. அவசரக் கதவுக்கு வேரிஸ்டர் போடுங்கள், நான் தடுக்கவில்லை. பல பூட்டுகளுக்குள் ஏற்கெனவே ஏதாவது ஒன்று இருக்கும், முதலில் அதன் தாளைப் படியுங்கள்.

கேள்வி: டயோடு கரன்ட்டைக் குடித்துப் பிடியைக் குறைக்காதா?

குறைக்காது. பூட்டு ஓடும்போது டயோடு எதிர்த்திசையில் சும்மா கிடக்கிறது. டயோடு வழக்கு இத்தோடு முடிந்தது.

கேள்வி: காந்தப் பூட்டை ரிலேயின் (கரன்ட்டால் இயங்கும் சுவிட்ச்) எந்த முனையில் மாட்டுவது, என்.ஓ-வா (சும்மா இருக்கும்போது திறந்திருப்பது), என்.சி-யா (சும்மா இருக்கும்போது மூடியிருப்பது)?

என்.சி. கரன்ட் வந்தால் திறக்கும் ஸ்ட்ரைக்குக்கு (கதவுச் சட்டத்தில் பூட்டின் நாக்கைப் பிடிக்கும் மின்பூட்டு) என்.ஓ.

கேள்வி: 7 ஆம்பியர்-மணி பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

அரை ஆம்பியருக்குக் கணக்குப்படி 14 மணி நேரம். ரீடரும் போர்டும் இழுப்பதையும் பேட்டரியின் வயதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போர்டில் 12 வோல்ட் வருகிறது, பூட்டு மட்டும் சூடாகிப் பிடி தளர்கிறது...

எங்கே அளந்தீர்கள்? மேலே இரண்டாவது பதில். லேசான சூடு இயல்புதான்.

கேள்வி: தீ எச்சரிக்கைக் கம்பியைக் கன்ட்ரோலரின் (கார்டைப் பார்த்துக் கதவைத் திறக்கச் சொல்லும் பெட்டி) இன்புட்டில் கொடுத்து, மென்பொருளில் திறக்கச் சொல்லலாமா?

அதை மட்டும் நம்பி விடாதீர்கள். கன்ட்ரோலர் தொங்கிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். தீ எச்சரிக்கை பேனலின் ரிலே பூட்டுக்குப் போகும் சப்ளையை நேராகவே வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு பேட்டரி வழியாகக் கரன்ட் திரும்பி வருகிறதா என்று பூட்டின் முனையில் அளந்து பாருங்கள், ஆம், அங்கேதான்.

கேள்வி: கார்டை நகல் எடுப்பது எப்படி?

அது என் துறை இல்லை.