நாலரை மணிக்கு மேல் அங்கே யார் இருக்கிறார்கள்?

கேள்வி: என் மகன் உசிலம்பட்டியில் பிளஸ் டூ படிக்கிறான். கணக்கு, கம்ப்யூட்டர் குரூப். மார்க்குக்குக் குறைவில்லை. ஆனால் கூட்டாளி என்று ஒருத்தரும் கிடையாது. ரயில் பைத்தியம். எந்த வண்டிக்கு எந்த இன்ஜின், எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று ஒப்பிப்பான். கம்ப்யூட்டரில் தானாகவே ஒரு சிக்னல் விளையாட்டு எழுதி வைத்திருக்கிறான். வகுப்பில் ‘பிளேடு’ என்று பட்டப்பெயர். கல்லூரியிலும் இப்படித் தனியாகவே உட்கார்ந்திருப்பானோ என்று பயமாக இருக்கிறது. ஹாஸ்டலில் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் அவன் அப்பா. மதுரைப் பக்கம் இவனுக்குப் பொருந்துகிற கல்லூரி எது?
— ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் ஊர் வழியாகப் போன போடி லைன் மீட்டர் கேஜ் வண்டி 2010 கடைசியில் நின்றது. அப்போது உங்கள் பையன் நடை பழகிக்கொண்டிருந்திருப்பான். அகலப்பாதையாக்கித் தேனி வரைக்கும் ரயில் திரும்ப வந்தது 2022-இல், போடிக்குப் போனது 2023-இல். ஊரில் தண்டவாளம் இருந்து, ரயில் இல்லாமல் பதினோரு வருஷம் வளர்ந்த பிள்ளை அவன். ரயில் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்!

நான் மதுரையில் முப்பது வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். இந்த மாதிரிப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேர் வருவார்கள். ஊரார் இவர்களைப் ‘படிப்ஸ்’ கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அது தப்பு. படிப்ஸுக்கு மார்க் வேண்டும். இவர்களுக்கு விஷயம் வேண்டும். விஷயத்தைப் பேச ஆள் வேண்டும். ஒரே ஒரு ஆள் கிடைத்தாலும் போதும், பேச்சு ராத்திரி பதினொன்றைத் தாண்டும்.

எந்தக் கல்லூரி என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரைச் சொல்வதற்கு முன்னால் பஸ்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊருக்கு வெளியே பதினைந்து இருபது கிலோமீட்டர் தள்ளிக் கட்டியிருக்கும் கல்லூரிகளில், சாயங்காலம் மணி அடித்ததும் கல்லூரி பஸ் வரிசையாகக் கிளம்பும். அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. அதனால் எல்லாப் பிள்ளையும் ஓடிப்போய் ஏறிவிடும். அதற்கப்புறம் வளாகத்தில் வாட்ச்மேன்தான் இருப்பார். வகுப்பில் பேசக்கூடாது, பஸ்ஸில் பாதிப் பேர் தூங்குவார்கள். பிறகு எங்கே சிநேகிதம் வளரும்? கலகலவென்று பேசுகிற பையன் பஸ்ஸிலேயே நாலு பேரைப் பிடித்துவிடுவான். உங்கள் பையனுக்கு அது வராது. அவனுக்கு ஆற அமர உட்கார நேரமும், கையில் ஒரு வேலையும் வேண்டும்.

எங்கள் துறையில் ஒரு பையன் இருந்தான். முதல் வருஷம் முழுக்க யாரோடும் சேரவில்லை. பழைய ரேடியோ என்றால் உயிர். எங்கள் ஆய்வக உதவியாளர், நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுவோம், அவனிடம் மணி ஆறு வரைக்கும் ஆய்வகச் சாவியைக் கொடுத்து வைத்தார். விதிப்படி கொடுக்கக் கூடாதுதான். இரண்டே மாதத்தில் ‘என்னடா செய்யுறே’ என்று எட்டிப் பார்த்தவர்கள் மூன்று பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவனைப் பேச வைக்க நான் ஒரு வருஷமாகச் செய்த உபதேசத்தால் நடக்காததை அந்தச் சாவி நடத்தியது.

அதனால் கல்லூரி பார்க்கப் போகும்போது அட்மிஷன் ஆபீஸுக்குப் போகிற நேரத்தில் போகாதீர்கள். வேலை நாளில் மூன்றரை மணிக்குப் போங்கள். நீங்கள் வாசலில் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு பையனை மட்டும் உள்ளே அனுப்புங்கள். அம்மா பக்கத்தில் நின்றால் மாணவர்கள் நல்ல பிள்ளையாகப் பேசுவார்கள், ஒன்றும் தேறாது. இரண்டாம் வருஷப் பையன் யாரிடமாவது, ‘அண்ணே, கம்ப்யூட்டர் கிளப் கடைசியா எப்ப கூடுச்சு?’ என்று கேட்கட்டும். ‘எந்த கிளப்?’ என்று திருப்பிக் கேட்டால் பதில் கிடைத்துவிட்டது. நோட்டீஸ் போர்டில் போன வருஷப் பொங்கல் விழா போஸ்டர் இன்னும் வெளுத்துப்போய்த் தொங்கினால் அதுவும் ஒரு பதில். நாலரைக்கு மேல் லைப்ரரி திறந்திருக்கிறதா, ஆய்வகத்தில் யாராவது இருக்கிறார்களா, மரத்தடியில் சும்மா உட்கார விடுகிறார்களா, அல்லது விசில் ஊதி விரட்டுகிறார்களா என்று பார்க்கட்டும். விசில் ஊதுகிற கல்லூரிகள் நம் பக்கம் நிறைய.

இந்தக் கணக்கில் நகரத்துக்குள் இருக்கும் பழைய கல்லூரிகளுக்கு என் ஓட்டு. 1881-இல் பசுமலையில் தொடங்கி இப்போது கோரிப்பாளையம் பக்கம் இருக்கும் அமெரிக்கன் கல்லூரி, தெப்பக்குளத்தை ஒட்டிய தியாகராசர் கல்லூரி, மதுரா கல்லூரி எல்லாவற்றுக்கும் டவுன் பஸ் உண்டு. ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ். இன்ஜினியரிங்தான் என்று வீட்டில் முடிவானால், திருப்பரங்குன்றத்தில் 1957-இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதற்கு 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் நல்ல உயரத்தில் இருக்க வேண்டும். கலந்தாய்வில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் விருப்பப் பட்டியலில் போடலாம், ஆனால் வரிசைதான் முக்கியம். மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைக் கேட்க முடியாது. எனவே நேரில் பார்த்துப் பிடித்ததை மேலே போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது கீழே இருக்கட்டும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் நாலைந்து செக்‌ஷன், எல்லார் பேச்சும் பிளேஸ்மென்ட். முப்பது நாற்பது பேர் படிக்கிற பி.எஸ்ஸி. கணிதத்தில் இவன் இன்னும் சீக்கிரம் கண்ணில் படுவான் என்பது என் எண்ணம். அப்பா முறைப்பார், தெரியும். மதுரையை விட்டுப் போகலாம் என்றால், சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதிப் பார்க்கட்டும். கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த படிப்பு, சின்ன இடம். அங்கே உங்கள் பையன் மாதிரி ஆட்கள்தான் பெரும்பான்மை.

ஹாஸ்டல் விஷயத்துக்கு வருவோம். ‘ஹாஸ்டலில் போட்டால்’ என்கிறார் அவன் அப்பா. போடுவதற்கு அவன் என்ன ஊறுகாயா? அவனே கேட்டுப் போனால் நல்லது. உசிலம்பட்டியிலிருந்து தினமும் ஆரப்பாளையம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் என்று அலைவதைவிட நேரம் மிஞ்சும். ஆனால் ‘ஸ்டடி ஹவர்’ என்று சொல்லி அறைக்குள் பூட்டி, போனைப் பிடுங்கி வைக்கும் ஹாஸ்டல் என்றால் வேண்டாம், வீட்டுச் சாப்பாடே மேல். கேலி வரம்பு மீறினால் பொறுத்துப்போகச் சொல்லாதீர்கள். ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. யு.ஜி.சி.யின் இலவச எண் 1800-180-5522. அவன் போனில் பதிந்து கொடுங்கள்.

கல்லூரிக்குள் ஆள் அமையாவிட்டாலும் மதுரை கைவிடாது. நத்தம் ரோட்டில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சுற்றியுள்ள சமண மலைகளுக்குக் கூட்டமாகப் போகிற பசுமை நடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் அந்த ‘பிளேடு’. ரயில் பேச்சை விடச் சொல்லாதீர்கள், ஆரம்பிக்கிற இடத்தை மாற்றச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ஒரே ஊர். கல்லூரியில் சிவகாசிக்காரன் இருப்பான், தென்காசிக்காரன் இருப்பான். இன்ஜின் நம்பரில் தொடங்காமல், ‘நீ எந்த ஊர்?’ என்று கேட்கட்டும். ஊர் தெரிந்துவிட்டால் பொதிகை எக்ஸ்பிரஸ் அவர்கள் ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று இவன் சொல்லிவிடுவான். தீபாவளி நெருங்கும்போது பாருங்கள். முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும், தட்கல் ஏ.சி.க்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவனைத் தேடி ஹாஸ்டலே அவன் அறை வாசலில் நிற்கும்.

கல்லூரி பார்த்துவிட்டு உடனே ஊர் திரும்பாதீர்கள். மதுரை ஜங்ஷனில் ஆளுக்கொரு பிளாட்பார டிக்கெட் எடுத்து அரை மணி நேரம் அவனோடு உட்காருங்கள். எது பிடித்தது, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அங்கே தானாக வரும். வண்டி வரும்போது மட்டும் நீங்கள் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.