செம்மறியின் மூக்கில் புழு, மகனின் கண்ணில் உறுத்தல்

கேள்வி: அறுபது செம்மறி ஆடுகள் வைத்திருக்கிறேன். மூன்று வாரமாகப் பாதி ஆடுகளுக்கு மூக்கில் கெட்டியான சளி ஒழுகுகிறது, ஓயாமல் தும்முகின்றன. வெயில் ஏறியதும் மேய்ச்சலை விட்டுவிட்டு, ஒன்றின் வயிற்றடியில் மற்றொன்று முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்கின்றன. நேற்று ஒரு பெட்டை தும்மியபோது விரல்கணு நீளத்தில், கறுப்புப் பட்டைகளோடு ஒரு புழு விழுந்தது. மருந்துக் கடைக்காரர் கொடுத்த அல்பெண்டசோலை இரண்டு மடங்கு ஊற்றியும் பயனில்லை. ஓர் இளங்கிடா தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. இதைவிட வீரியமான மருந்து எது? மேய்க்கப் போன என் மகனுக்கும் நேற்று மாலையிலிருந்து ஒரு கண் சிவந்து உறுத்துகிறது. தூசி விழுந்திருக்கும் என்று நினைக்கிறோம்.

பதில்: கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் கண்ணைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். ஆட்டுக்கு இரண்டு நாள் பொறுக்கலாம், கண்ணுக்கு வேண்டாம். உங்கள் பெட்டை தும்மியபோது விழுந்தது ஒருவகை ஈயின் புழு. உங்கள் மந்தையைத் துரத்தும் அந்த ஈ முட்டையிடுவதில்லை. வயிற்றிலேயே பொரித்த குஞ்சுப் புழுக்களை, ஆட்டின் மூக்கருகே பறந்தபடியே ஒரு சொட்டு நீரோடு பீய்ச்சிவிட்டுப் போய்விடும். குறி தவறினால் அதே சொட்டு மேய்ப்பவரின் கண்ணில் விழும். ஏதோ வந்து மோதியதுபோல் இருக்கும்; சிறிது நேரத்தில் நீர் வடியும், மணல் அரைப்பதுபோல் உறுத்தும். புழு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். வாயருகே உள்ள கொக்கிகளால் இமையின் உட்சவ்வைப் பற்றிக்கொள்வதோடு, வெளிச்சம் பட்டால் மடிப்புக்குள் நகர்ந்துவிடுவதால் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் எளிதில் போகாது. கண் மருத்துவர் மரப்பு மருந்து விட்டு, உருப்பெருக்கியின் கீழ் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். மனிதக் கண்ணில் இந்தப் புழு வளர்வதில்லை, சில நாளில் தானே செத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அரிதாக விழிக்குள்ளேயே நுழைந்துவிடுவதும் உண்டு என்பதால் அந்தச் சூதாட்டத்தை ஆடக் கூடாது. கசக்க வேண்டாம், இலைச்சாறு பிழிய வேண்டாம், வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தையும் விட வேண்டாம். ஆடு மேய்ப்பவன் என்பதை மகன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்; சொல்லாவிட்டால் சாதாரணக் கண்வலி என்று அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

(மனிதத் தோலைப் பிதுக்கிக் கொழுத்த புழுவை எடுக்கும் காணொளிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது மத்திய, தென் அமெரிக்காவில் வாழும் வேறொரு ஈ. கொசுவைப் பிடித்து அதன் உடலில் முட்டையை ஒட்டிவிடும், கொசு கடிக்கும்போது புழு தோலுக்குள் இறங்கும். உறவு ஒன்றுதான், வேலை வேறு.)

இனி ஆடுகள். தும்மலில் விழுந்தது மூன்றாம் பருவத்துப் புழு. அது மூக்குத் துவாரத்தில் புகுந்து, மூக்கெலும்புச் சுருள்களில் தங்கி, பிறகு நெற்றி எலும்பின் குழிவறைக்கு ஏறி அங்கே 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை வளர்ந்திருக்கும். பருவநிலைக்கேற்ப இதற்கு ஒரு மாதமும் ஆகலாம், ஒன்பது மாதமும் ஆகலாம். வெளியே விழுந்ததும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிச் சில வாரங்களில் ஈயாகிவிடும். அந்த ஈக்கு உண்ணும் வாயே இல்லை; வாழும் சில நாளும் உங்கள் ஆட்டின் மூக்கைத் தேடுவதுதான் அதன் ஒரே வேலை. விழுந்த புழுவை நசுக்காமல் விட்டிருந்தால், ஓர் ஈயை நீங்களே வளர்த்தவராகிறீர்கள்.

அல்பெண்டசோல் ஏன் கேட்கவில்லை என்றால், அது குடற்புழுவுக்கான மருந்து; ஈயின் புழுவுக்கு அது ஒன்றும் செய்யாது. இரண்டு மடங்கு அல்ல, பத்து மடங்கு ஊற்றினாலும் செய்யாது. ஆனால் சினைப் பிடித்து முதல் மாதத்தில் இருந்த பெட்டைகளுக்கு அந்த இரட்டை அளவு போயிருந்தால், ஊனக் குட்டிகள் பிறக்கக்கூடும். அதைக் கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். புழு என்றதும் அலமாரியில் கைக்கு முதலில் எட்டும் குப்பியை எடுத்துக் கொடுப்பவரைக் கடைக்காரர் என்று சொல்லலாம், ஆலோசகர் என்று சொல்லக் கூடாது. மூக்கில் மண்ணெண்ணெயும் வேப்பெண்ணெயும் விடச் சொல்லும் கூட்டமும் உண்டு. அந்த எண்ணெய் நெற்றி அறைக்கு ஏறுவதில்லை, நுரையீரலுக்குத்தான் இறங்கும். புழுவோடு இருந்த ஆடு பிழைத்திருக்கும். எண்ணெய் விட்ட ஆடு நிமோனியாவில் போய்விடும்.

மூக்குப்புழுவின் எல்லாப் பருவங்களுக்கும் கேட்கும் மருந்து ஐவர்மெக்டின், கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், தோலுக்கடியில் ஊசி. குளோசன்டெலும் வேலை செய்யும். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, உங்கள் ஆடுகள் ஒவ்வொன்றும் எத்தனை கிலோ என்பது. கடிதத்தில் எண்ணிக்கை இருக்கிறது, நோய்க்குறி இருக்கிறது, எடை மட்டும் இல்லை. எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஒரு சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிக்குள் 10 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியானால் 25 கிலோ ஆட்டுக்கு அரை மில்லி, 40 கிலோ கிடாவுக்கு 0.8 மில்லி. பட்டியில் நடப்பது என்ன? பெரிய சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சிக்கொண்டு, ‘எல்லாத்துக்கும் அரை அரை’ என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போகிறோம். கிடாவுக்குப் போக வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போகாமல் நின்றுவிடுகிறது. அந்தக் குறைந்த அளவு அதன் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் புழுக்களையும் தொடும். நோஞ்சான் புழுக்களைக் கொன்று, மருந்தைத் தாங்கத் தெரிந்தவற்றை மட்டும் விட்டுவைக்கும். அவற்றின் முட்டைகள்தான் உங்கள் மேய்ச்சல் நிலம் முழுவதும் விழும். மூக்குக்காகப் போட்ட ஊசி இப்படியே வயிற்றில் தோற்கிறது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து ஆடுகள் இரத்தச் சோகையில் விழும்போது மருந்து போலி என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

எதிர்ப்பக்கமும் சொல்கிறேன். குளோசன்டெல்லைக் கண்மதிப்பில் கொடுத்த ஒரு பட்டியில் நான் நின்றிருக்கிறேன். கண்மணிகள் அகலத் திறந்திருக்க, வெளிச்சத்துக்கு அசையாமல், வேலியில் முட்டிக்கொண்டு நின்ற ஏழு குட்டிகளுக்கும் பார்வை போயிருந்தது; திரும்பவில்லை. அந்த மருந்தில் சரியான அளவுக்கும் தீங்கான அளவுக்கும் உள்ள இடைவெளி குறைவு. அனுபவசாலி கண்மதிப்பும் கிலோக்கணக்கில் பிசகும். ஆகவே அடுத்த மருந்துக் குப்பிக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு தொங்கு தராசும் தூக்குப் பையும் வாங்குங்கள். பத்தில் ஒரு பங்கு வரை அளக்கத் தெரிகிற ஒரு மில்லி சிரிஞ்சும் வேண்டும். ஒவ்வொன்றையும் நிறுக்க முடியாவிட்டால், உருவம் ஒத்தவற்றைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் கனமானதன் எடைக்கு அளவு போடுங்கள். குளோசன்டெல் என்றால் மட்டும் ஒவ்வொன்றையும் நிறுத்தே ஆக வேண்டும். இறைச்சிக்கு விற்கும் முன் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதைக் குப்பியின் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சளி உடனே நிற்காது. செத்த புழுவும் வெளியேற வேண்டுமல்லவா?

ஈ வெயிலில், காற்று ஓய்ந்த வேளையில்தான் பறக்கும்; இருண்ட கொட்டகைக்குள் வராது. அதிகாலையிலும் மாலையிலும் மேய்த்து, நடுப்பகலில் உள்ளே அடைத்தாலே பாதித் தொல்லை குறையும்.

சுற்றும் இளங்கிடாவை மூக்குப்புழுக் கணக்கில் சேர்க்காதீர்கள். புழு மண்டையெலும்பை அரித்து மூளையைத் தொடுவது அபூர்வம். இந்த வயதில் ஒரே பக்கமாகச் சுற்றுவது பெரும்பாலும் நாயின் நாடாப்புழு முட்டையால் மூளையில் வளரும் நீர்க்கட்டியாக இருக்கும். கெட்டுப்போன ஊறுகாய்ப் புல்லால் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த தீவனம்) வரும் மூளைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெறிநோயைக்கூட விலக்கிவிட முடியாது. ஐவர்மெக்டின் இவற்றில் எதற்கும் பயன்படாது. கால்நடை மருத்துவர் வரும்வரை அதைத் தனியே கட்டுங்கள், வாய்க்குள் கை விடாதீர்கள். பட்டியில் நாய் இருந்தால் அதற்கு நாடாப்புழுவுக்கான பிரசிகுவாண்டல் கொடுங்கள்; ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினை அதற்கும் போட வேண்டாம், சில மேய்ப்பு நாய் இனங்கள் அதில் செத்துவிடும். கிடா இறந்துபோனால் தலையைத் திறக்கும் வேலையை மருத்துவரிடமே விடுங்கள். நாய்க்கு எட்டாதபடி ஆழமாகப் புதைப்பது உங்கள் பொறுப்பு.