எட்டு வாரம் மேசையில் கிடந்த உறை

வணக்கம். 2017இல் ஆஸ்திரேலியாவில் ஒருபால் திருமணம் பற்றிய அஞ்சல் கருத்தெடுப்பில் 'வேண்டாம்' என்று போட்டேன். யார்மீதும் வெறுப்பில்லை. நம் பண்பாட்டை நினைத்து ஒரு கோடு போட்டேன், அவ்வளவுதான். இப்போது என் மகள் ஒரு பெண்ணைத் திருமணம் செய்யப்போகிறாள். எந்த முகத்தோடு போவது? அன்று நாடாளுமன்றமே முடிவெடுத்திருந்தால் எனக்கு இந்தச் சங்கடம் வந்திருக்குமா?
ஒரு வாசகர், வென்ட்வேர்த்வில், சிட்னி

அன்புள்ள ஐயா,

கல்யாணத்துக்குப் போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நாடாளுமன்றம் பற்றிச் சொன்னது சரி. 2004இல் திருமணம் என்றால் ஓர் ஆணும் பெண்ணும்தான் என்று சட்டத்தில் எழுதியபோது மக்களிடம் கேட்கவில்லை. மாற்றும்போது மட்டும் ஏன் கேட்டார்கள்? பண்பாட்டுப் பேச்சை விடுங்கள். நாடு முழுக்க 61.6 சதவீதம் 'வேண்டும்' என்றது. உங்கள் பரமட்டா தொகுதியில் அதே 61.6 சதவீதம் 'வேண்டாம்' என்றது. அங்கே நம்மவர் மட்டுமா இருக்கிறார்கள்?

'அவ்வளவுதான்' என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. செப்டம்பர் 12இலிருந்து உறைகளை அனுப்பினார்கள். நவம்பர் 7வரை அவகாசம். அந்த எட்டு வாரமும் அது எத்தனை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மின்கட்டண பில்லோடு கிடந்தது! வந்தவர் போனவரெல்லாம் அதைப் பார்த்து ஏதாவது சொல்லியிருப்பார்கள். உங்கள் மகளும் அந்த மேசையில்தானே சாப்பிட்டாள்?

எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு இரவு. இடியப்பமும் சொதியும். என் உறையை ஏற்கெனவே 'வேண்டும்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். மனைவியுடையது மேசையில் இருந்தது. விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர் அதை விரலால் தட்டி, "இது ஒரு வருத்தம். மருந்து குடுத்தால் மாறும்" என்றார். வயதில் மூத்தவர் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் தட்டில் சொதியும் விட்டேன். எதிரே தம்பியின் மகன், பதினேழு வயது. இரண்டு இடியப்பம் அப்படியே இருக்க எழுந்து போய்க் கை கழுவினான். குழாய் நெடுநேரம் ஓடியது.

தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று நாலு வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னான். அந்த இரவைப் பற்றியும் பேசினான். "அவர் சொன்னதை விடுங்கோ. நீங்கள் அவருக்குச் சொதி விட்டதுதான் இன்னும் ஞாபகம், பெரியப்பா."

அதனால் கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் மகளைக் கூப்பிடுங்கள், ஐயா. அந்த எட்டு வாரம் வீட்டில் அவள் காதில் என்னவெல்லாம் விழுந்தது என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். முடித்ததும் 'எனக்கு வெறுப்பில்லை' என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள்.

அன்புடன்.