பேண்ட் மேப் நிறங்கள்: கேள்வி பதில்

தக்கலை: அமெச்சூர் ரேடியோ போட்டிக்கான என்1எம்எம் மென்பொருளின் பேண்ட் மேப்பில் (எந்த அலைவரிசையில் யார் இருக்கிறார் என்று காட்டும் பட்டியல்) ஒரே ஸ்டேஷன் எனக்குச் சிவப்பு, தம்பிக்குச் சாம்பல். ஏன் அண்ணே?

நிறம் அந்த ஸ்டேஷனுடையது அல்ல, உங்கள் லாக்குடையது, அதாவது நீங்கள் பேசிய தொடர்புகளின் பதிவேட்டுடையது. சாம்பல் என்றால் ஏற்கெனவே பேசியாச்சு. நீலம் பேசலாம், ஆனால் புது மல்ட்டிப்ளையர் (மதிப்பெண்ணைப் பெருக்கும் புது நாடு அல்லது மண்டலம்) கிடையாது. சிவப்பு ஒரு மல்ட்டி, பச்சை இரண்டோ அதற்கு மேலோ.

அக்டோபர் கடைசியில் வரும் சிக்யூ வேர்ல்டுவைட் போட்டியில், நாகர்கோவிலில் உட்கார்ந்து 20 மீட்டர் அலைவரிசையைப் பாருங்கள். இலங்கை, மாலத்தீவு, லட்சத்தீவு எல்லாம் நம்மைப் போலவே, போட்டிக்காக உலகைப் பிரித்ததில் 22ஆம் மண்டலம். முதலில் இலங்கையைப் பிடித்தால் மண்டலமும் ஏறிவிடும். அப்புறம் வரும் லட்சத்தீவு நாடாக மட்டுமே புதிது, அதனால் சிவப்பு. அந்தமான் 26ஆம் மண்டலம். இரண்டும் புதிது, பச்சை. ஆனால் தாய்லாந்தை முன்பே பிடித்திருந்தால் அதே அந்தமான் சிவப்பாகிவிடும், தாய்லாந்தும் 26தான்.

குளச்சல்: எஃப்டி8 எனும் கணினி வழித் தொடர்பு முறையில் எல்லாம் பச்சையாக வருகிறதே?

அது டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ், வேறு மென்பொருள். அங்கே பச்சை, சிக்யூ, அதாவது ‘யாராவது பேசலாம்’ என்று கூப்பிடுபவர். சிவப்பு, உங்கள் கால்சைன் (நிலையத்தின் அடையாளக் குறி) உள்ள செய்தி.

மார்த்தாண்டம்: பச்சையைச் சொடுக்கிப் பதிந்தேன், இரு தரப்புப் பதிவையும் ஒப்பிடும் லாக்புக் ஆஃப் தி வேர்ல்டில் பொருந்தவில்லை.

காதால் கேட்ட கால்சைனை எழுதுங்கள், திரையில் வந்ததை அல்ல. மோர்ஸில் எஸ் 3 புள்ளி, எச் 4 புள்ளி. மோர்ஸைக் கேட்டுத் திரைக்கு அனுப்பும் இயந்திரம் ஒரு புள்ளியைக் கூட்டிக் கேட்டுவிடும். நானும் அப்படி நம்பி ஒரு தொடர்பை இழந்திருக்கிறேன்.

முட்டம்: அந்தமானும் லட்சத்தீவும் இந்தியாதானே? தனி நாடு என்று காட்டுவது தவறு.

அமெச்சூர் ரேடியோவில் நாடுகளை எண்ணும் டிஎக்ஸ்சிசி பட்டியல் அரசியல் வரைபடம் அல்ல. ஹவாயும் அலாஸ்காவும் அதில் அமெரிக்காவிலிருந்து தனியாகத்தான் இருக்கின்றன. வியூ4 (அந்தமான்), வியூ7 (லட்சத்தீவு) இரண்டும் இந்திய உரிமக் கால்சைன்களே.

முட்டம்: பிள்ளைகள் பார்த்தால் குழம்புவார்களே?

நியாயமான கவலை. ‘நாடு’ என்று சொல்லாமல் ‘பட்டியல் பகுதி’ என்று சொல்லிக் கொடுங்கள், அப்படித்தான் நானும் செய்கிறேன். ஆனால் நிறத்தை மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் பிள்ளைக்கு மல்ட்டி போய்விடும்.

தோவாளை: சாம்பல் என்றால் என்ன?

முதல் பதிலில் இருக்கிறது.

கருங்கல்: சிவப்பு என்றால் உடனே பதியலாமா?

கேளுங்கள். கால்சைன் முழுதாகக் கேட்ட பிறகு பதியுங்கள்.