300 எம்பிபிஎஸ் பைபர் இன்டர்நெட் லைன் எடுத்தும் பழைய கொம்பியூட்டர்ல ஸ்பீட் 94க்கு மேல ஏறுதில்லையா?

94லயே அசையாம நிக்குதெண்டா லைன் பிழையில்ல, உங்கட 2008 கொம்பியூட்டர்ர நெட்வேர்க் போர்ட் 100 எம்பிபிஎஸ் தான் போல, கழிவு போக 94, 95 தான் கிடைக்கும். ஸ்பீட் கூடுமெண்டு ரேம் கூட்டி காசைக் கரைக்காதீங்க.

முதல்ல நெட்வேர்க் ஸ்டேட்டஸ்ல ஸ்பீட் எண்டு கிடக்கிறதப் பாருங்க. 100 எண்டா உடன போர்ட்ல பழி போடாம கேபிளையும் மாத்திப் பாருங்க, ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) கேபிளுக்குள்ள எட்டு வயரும் வேணும், ஒண்டு விட்டாலும் 100க்கு இறங்கலாம். மட்டக்களப்பு கல்லடில கடல் பக்கம் எண்டு சொன்னீங்க, எங்கட வீட்டயும் உப்புக்காத்துல கேபிள் முனை பச்சை பூத்துத்தான் கிடந்த.

கேபிள் நல்லமெண்டா யூஎஸ்பி ஜிகாபிட் அடாப்டர் ஒண்டு போடுங்க. ஆனா பழைய யூஎஸ்பி 2.0ல முழு 300 வராமலும் போகலாம், டெஸ்க்டொப் எண்டா உள்ளுக்குப் போடுற ஜிகாபிட் நெட்வேர்க் கார்ட் தான் நல்லம்.