பித்தப்பைக் கல்லுக்கு ரோபோ ஆபரேஷன் தேவையா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. பித்தப்பையில் கற்கள். சாப்பிட்ட பிறகு வலது மேல்வயிற்றில் வலி வந்து துடித்துப் போகிறார். பித்தப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். சிறு துளைகள் வழியே சர்ஜன் கையாலேயே கருவியைப் பிடித்துச் செய்யும் லேப்ராஸ்கோபியா, ரோபோவா என்று எங்களையே முடிவெடுக்கச் சொல்கிறார்கள். ரோபோவுக்குச் செலவு அதிகம். அம்மாவோ, "என்னை மெஷின் கையில் விட்டுவிடாதே" என்கிறார். என்ன செய்வது? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அம்மாவின் பயத்தைப் போக்கிவிடுவோம். ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. அதே தியேட்டரில் சில அடி தள்ளி, கன்சோல் எனும் கட்டுப்பாட்டு மேஜை முன்னால் சர்ஜன் உட்கார்ந்திருப்பார். அவர் விரல் அசைந்தால்தான் உள்ளே கருவி அசையும். திரையிலிருந்து முகத்தை எடுத்துவிட்டால் கருவிகள் அப்படியே நின்றுவிடும்.

இந்தக் கருவிகள் மணிக்கட்டு போல வளையும், கை நடுக்கத்தை வடிகட்டும். இடுப்புக்குழியின் அடியில், இடுக்கில் கிடக்கும் புராஸ்டேட்டை எடுத்துவிட்டுத் தையல் போடும்போது இது பெரிய வரம். உங்கள் அம்மாவின் பித்தப்பை அப்படிப்பட்ட இடுக்கில் இல்லை. லேப்ராஸ்கோபியின் நேரான கருவிகளே அங்கே வசதியாகப் போய்ச் சேரும்.

இந்த ஆபரேஷனில் எங்களுக்குக் கவலை தருவது ஒரே இடம்தான். பித்தப்பையிலிருந்து வரும் மெல்லிய குழாய், பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தில் போய்ச் சேரும் இடம். மெல்லிய குழாயில் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். பல தடவை வீங்கி ஆறிய பித்தப்பையில் எல்லாம் ஒட்டிக்கொண்டு, எது எதுவென்று தெரியாது. பொதுநாளத்தை மெல்லிய குழாய் என்று நினைத்து வெட்டிவிட்டால் மஞ்சள்காமாலை, மறு ஆபரேஷன் என்று நோயாளி மாதக்கணக்கில் அவதிப்படுவார்.

அமெரிக்காவில் 10 லட்சத்துக்கும் அதிகமான முதியோரின் பித்தப்பை ஆபரேஷன்களை ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டார்கள். பித்தநாளத்தைச் சரிசெய்ய வேண்டிய அளவுக்குக் காயம் லேப்ராஸ்கோபியில் சுமார் 0.2 சதவீதம், ரோபோவில் 0.7 சதவீதம். இரண்டுமே குறைவுதான். ஆனாலும் கூடுதல் பணம் கட்டினால் கூடுதல் பாதுகாப்பு என்ற கணக்கு இங்கே செல்லாது. ரோபோ மோசமான கருவி என்று இதற்கு அர்த்தமில்லை. பல மாடல்களில் திசுவின் இழுவிசை கைக்குத் தெரியாது. கண்ணால் பார்த்தே ஊகிக்க வேண்டும். அந்தப் பழக்கம் வர நாளாகும்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த டிஜிட்டல் வசதி வேறொன்று. ஆபரேஷனுக்கு முன்பே நரம்பு ஊசி வழியாக ஐசிஜி என்ற சாயத்தைக் கொடுப்பார்கள். கல்லீரல் அதைப் பித்தத்தில் கலந்து விடும். அதற்கான கேமராவைத் திருப்பினால், கொழுப்புக்குள் மறைந்திருக்கும் பித்தநாளம் திரையில் பச்சையாக ஒளிரும். லேப்ராஸ்கோபியிலேயே இதைச் செய்யலாம். அயோடின் அலர்ஜி இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதனால் என் யோசனை லேப்ராஸ்கோபிதான். உங்கள் சர்ஜன் ரோபோவில் நன்றாகக் கைதேர்ந்தவர், செலவும் பாரமில்லை என்றால் அதற்கும் தயங்க வேண்டாம். எதுவானாலும் அவரிடம் நேராகக் கேளுங்கள்: இதே முறையில் எத்தனை பித்தப்பை எடுத்திருக்கிறீர்கள்? குழாய் தெளிவாகத் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்? "பையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து நிறுத்திக்கொள்வேன், இல்லாவிட்டால் வயிற்றைத் திறப்பேன்" என்று தயங்காமல் சொல்பவரை நம்பலாம். பொதுநாளத்தில் கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டார்களா என்பதையும் கேளுங்கள். இருந்தால் அதை எண்டோஸ்கோபி வழியாகத் தனியே எடுக்க வேண்டி வரலாம்.

இன்ஷூரன்ஸ் இருந்தால் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். ரோபோ சிகிச்சையை விலக்கக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் சொன்னாலும், அதற்குத் தனி உச்சவரம்பு வைக்க நிறுவனங்களுக்கு இடம் உண்டு. மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

சிக்கல் இல்லையென்றால் ஓரிரு நாளில் அம்மா வீட்டுக்கு வந்துவிடலாம். வந்த பிறகு காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, கண்ணில் மஞ்சள் என்று எது தெரிந்தாலும் மறு பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.